நாற்பதுக்கு நாற்பது

அத்தியாயம் 6

நாற்பது பேருக்குப் போன் போட்டால் நாற்பது பேரும் எடுக்கிற இடம் மும்பையில் எங்கே இருக்கிறது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்படி ஓர் இடம் உண்டென்றால் அவளே வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே குடிபோய்விடுவாள்.

துப்பறிய வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் சர்வே கம்பெனிகளில் அலைந்தவள் அவள். கதவைத் தட்டினால் பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். திறந்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் வா என்பார்கள். உட்கார வைத்துப் பேசினவர்களும் மறுநாள் கேட்டால் நீ யார் என்பார்கள். மனிதர்கள் அப்படித்தான் என்று நம்பித்தான் அவள் இத்தனை காலமும் பிழைத்துவந்தாள்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுடைய அலுவலகம். அன்றைக்குச் சனிக்கிழமை காலை. மேஜைமேல் இரண்டு கட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பது படிவம். பதினான்கிலிருந்து பத்தொன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு எந்த ஸ்மார்ட்போன் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவை. தாராவிக் கட்டை எழுதியவள் ஃபர்ஸானா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். பாண்டுப் கட்டை எழுதியவன் பேச்சிராஜா.

சர்வே கம்பெனிக்காரர்கள் எழுதி வந்ததை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். படிவத்தில் இருக்கும் வீட்டுப் பெரியவர் நம்பருக்குப் போன் போட்டு, எங்கள் ஆள் வந்தாரா, உங்கள் பிள்ளையிடம் கேள்வி கேட்டாரா என்று சரிபார்ப்பார்கள். பேச்சிராஜாவின் நாற்பது வீடுகளும் வந்தார் என்று சொல்லிவிட்டன. ஃபர்ஸானாவின் நாற்பதில் ஒன்பதுதான் வந்தாள் என்றன. மிச்சம் எடுக்கவில்லை, அல்லது யாரும் வரவில்லை என்று வைத்துவிட்டன. அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டே நாற்பது பிள்ளைகளைப் பெற்றுவிட்டாள் என்று கம்பெனி முடிவு கட்டியது.

வரும் திங்கட்கிழமை அவளை நீக்கும் கடிதம் வீட்டுக்குப் போகும். அவள் பெயர், நகரத்தில் உள்ள எல்லா சர்வே கம்பெனிகளுக்கும் சுற்றுக்கு விடப்படும் பட்டியலில் ஏறும். அதைவிடப் பெரிய தண்டனை வீட்டுக்குள் காத்திருந்தது. ஃபர்ஸானாவின் அப்பா கரீம் பாட்சா தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர். வீடு வீடாகப் போகும் வேலைக்குப் பெண்ணை அனுப்புகிறாயே என்று சந்தே கேட்டபோது, எம் மவ பொய் எழுத மாட்டா, போயிட்டு வரட்டும் என்று ஒரே வார்த்தையில் வாயடைத்தவர். கடிதம் வந்தால் அந்த வார்த்தை செத்துப்போகும். பிறகு வேலையும் கிடையாது, அவள் படிக்கும் மாலைக் கல்லூரியும் கிடையாது.

கம்பெனியின் மாதுங்கா கிளையில் மேலாளராக இருக்கும் ராஜலக்ஷ்மி, கோகிலவாணியோடு ஒரு காலத்தில் வெயிலில் அலைந்தவள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. போன திங்கட்கிழமை வந்து இந்தக் கட்டுகளைக் கொடுத்து, சனி சாயங்காலம்வரை கடிதத்தை நிறுத்திவைக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஒருத்தர்கூடவா 'யாருய்யா நீ, என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது'ன்னு கேக்கலை?" என்றாள் கோகிலவாணி, பேச்சிராஜாவின் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு.

"பாண்டுப்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கக்கா," என்றபடி அரைக் கிளாஸ் கட்டிங் சாயாவோடு உள்ளே வந்தான் தௌசீப். "நம்ம தாராவில போன் அடிச்சா, முதல்ல லோன்காரனான்னு பாப்பான், அப்புறம் மாமனாரான்னு பாப்பான். ரெண்டும் இல்லைன்னாலும் எடுக்க மாட்டான், போன் உடைஞ்சு கெடக்கும்."

தௌசீப்புக்கு முப்பத்தொரு வயது. தாராவியில் போன் ரிப்பேர்க் கடை வைத்து, அதை ஊற்றி மூடிவிட்டு வந்தவன். ஆறு வருடமாக அவளுக்கு உதவியாளன், வெளியே அலைகிற நாளில் வழிகாட்டி, எல்லா நாளும் வாயாடி. அலுவலகத்தின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது. அவளுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்திருந்தபோது அலுவலகத்தைத் திறந்து, பெருக்கி, வந்தவர்களுக்குப் பதில் சொன்னவன் அவன். புதிதாக வாங்கிய ஆர்பினோ போனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொள்வான். போன மாதம் அவள் பிறந்தநாளுக்குக் கிளிப்பச்சை இயர்போன் ஒன்றை ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தான். அன்று காலையும் அதுதான் அவள் கழுத்தில் தொங்கியது.

பேச்சிராஜாவின் பட்டியலிலிருந்து பத்து நம்பரை நேற்று தௌசீப்பையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். பத்துக்குப் பத்து சரி என்று சொல்லிவிட்டான். ராஜலக்ஷ்மியின் அலுவலகமும் வியாழக்கிழமையிலிருந்து இரண்டாம் சுற்றாக எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தது. அது கோகிலவாணி கேட்டுக்கொண்ட ஏற்பாடு. அதிலும் பேச்சிராஜா குற்றமற்றவனாக மின்னிக்கொண்டிருந்தான்.

அவள் படிவங்களை மறுபடி புரட்டினாள். பேச்சிராஜாவின் நாற்பதில் முப்பத்துநான்கு பிள்ளைகளுக்கு ஆர்பினோ பிடித்திருந்தது. கேமரா நன்றாக இருக்கிறது, பேட்டரி நிற்கிறது என்று எல்லோரும் விளம்பரப் பலகை மாதிரி பேசியிருந்தார்கள். ஃபர்ஸானாவின் கட்டில் ஒழுங்கு என்பதே இல்லை. ஒரு பையன் ஐபோன்தான் பிடிக்கும் என்றிருந்தான். கையில் இருப்பது எது என்ற கேள்விக்கு, அண்ணன் குளிக்கப் போனால் அவன் போன் என்றிருந்தான். ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்குகிற போன் வேண்டும் என்று ஒருத்தி. பதினொரு பேருக்குச் சொந்தமாக போனே இல்லை. பதினேழாம் படிவத்தில், கைரேகைப் பூட்டு இல்லாத போன்தான் பிடிக்கும் என்று எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில், 'நான் தூங்கும்போது உம்மா என் விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடுகிறாள்.'

கோகிலவாணி சிரித்துவிட்டாள். அப்புறம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுல உக்காந்து பொய் எழுதறவளுக்கு இந்த விரல் தோணாது, தௌசீப். இந்தப் பொண்ணைப் பாத்துட்டு வரலாம்."

அந்த வீட்டில் யாரும் வரவில்லை என்றுதானே சொன்னார்கள், மறுபடி போய் என்ன ஆகப்போகிறது என்றான் அவன். அந்தச் சந்தில் சுவருக்கு நடுவில் போனால் அக்காவின் புடவை ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளுமாக வெளியே வரும் என்றும் பயமுறுத்தினான். அவள் கைப்பையை எடுத்து, இயர்போனை அதற்குள் போட்டு, படியிறங்கிவிட்டாள்.

சயான்வரை ஆட்டோவில் போய், தொண்ணூறடி ரோட்டில் நடந்தார்கள். நடுவழியில் தௌசீப்பின் தோள்பையில் ஏதோ கிணுகிணுத்தது. அவன் பையோடு ஒரு டயர்க் கடைப் பக்கம் ஒதுங்கி, முதுகைத் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு ஓடிவந்தான். மாமா பெண் பார்த்திருக்கிறாராம், பெண் பீ.காம் என்றதும் நம்பர் தப்பு என்று வைத்துவிட்டானாம். அவள் அதற்கும் சிரித்தாள்.

பதினேழாம் படிவத்து வீடு மெத்தைப் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது. இரும்பு ஏணி. ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் என்பதால் தௌசீப் சந்து முனையிலேயே நின்றுகொண்டான். வீட்டம்மா சபுரா பாய் விரித்து உட்காரச் சொன்னாள். மூலையில் பதினாறு வயது சாயிமா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சர்வே என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள், எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, என் வீட்டுக்காரர் போனிலேயே சொல்லிவிட்டாரே என்றாள் சபுரா. சாயிமா சல்லடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கோகிலவாணி வற்புறுத்தவில்லை. மெத்தைப் பட்டறைத் தூசியைப் பற்றி, கிராமத்தில் கூட இல்லாத கொசுவைப் பற்றியெல்லாம் பேசினாள். குக்கர் மூன்றாம் விசில் அடித்ததும் சபுரா எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். கோகிலவாணி ஒன்றும் பேசாமல் தன் கட்டைவிரலை நிமிர்த்தி, சாயிமாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, உள்ளங்கையில் ஒருமுறை அழுத்திக் காட்டினாள்.

சல்லடை நின்றது.

"அதை ஃபர்ஸானா லாத்தாட்ட மட்டுந்தான் சொன்னேன்," என்றாள் பெண், அக்கா முறை வைத்து, மூச்சோடு மூச்சாக.

பிறகு அவசர அவசரமாக எல்லாம் வந்தது. ஃபர்ஸானா வந்தது உண்மை. இந்தப் பாயில்தான் உட்கார்ந்தாள், அரை மணி நேரம் கேட்டு எழுதினாள். அண்ணன் துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போன போனை சாயிமா வைத்திருப்பது உம்மாவுக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியாது. படிவத்தில் பெரியவர்கள் நம்பர்தான் வேண்டும் என்றதால் வாப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் இருந்த வாப்பாவுக்கு யாரோ போன் போட்டு, உங்கள் பெண்ணிடம் அவளுக்குப் பிடித்த போனைப் பற்றிக் கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அன்னைக்கு ராத்திரி வாப்பா கேட்டாங்க, யாரு வந்தான்னு. வந்தாங்கன்னா, ஒங்கிட்ட எதுக்குக் கேட்டான்னு அடுத்த கேள்வி வரும்லா. நானும் உம்மாவும் ஒரே வாயா யாரும் வரலைன்னுட்டோம்." அவள் கண் கலங்கிவிட்டது. "லாத்தாவுக்கு வேலை போவும்னு தெரியாது. வாப்பாட்ட சொல்லிராதிய."

சொல்ல மாட்டேன் என்றாள் கோகிலவாணி. அப்படிச் சொன்ன நொடியே ஃபர்ஸானாவின் முதல் சாட்சி கையைவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளிடம் பதில் வாங்கும்போது யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று கொடுக்கிற வாக்கை, பதினோரு வருடத்தில் அவள் ஒருமுறைகூட மீறியதில்லை. கட்டில் உள்ள மற்ற முப்பது வீடுகளிலும் இதே கதைதான் இருக்கும். உண்மையாகப் போய்க் கேட்டதனாலேயே அந்தப் பெண் பொய்க்காரி ஆகியிருந்தாள்.

நான் சும்மா சொல்லவில்லை என்று காட்ட சாயிமா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவி எடுத்தாள். பதில் சொன்ன பிள்ளைக்குக் கம்பெனி கொடுக்கும் பரிசு. ஃபர்ஸானா லாத்தா கொடுத்தது.

அது ஓர் இயர்போன். கிளிப்பச்சை ஒயர், வெள்ளைக் குமிழ்.

"இது கடைல கிடைக்குமாம்மா?" என்று கேட்ட குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது கோகிலவாணிக்கு.

"இல்ல. காதுக் குமிழ் ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு எல்லா இடமும் தேடிட்டேன். சர்வேக்குன்னே செஞ்சதாம். வெளியில விக்க மாட்டாங்களாம்."

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். விரலில் அதே ஒயர் சிக்கியது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபர்ஸானாவுக்கு நாற்பது கொடுத்தார்கள், நாற்பதும் நாற்பது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. பேச்சிராஜாவுக்கும் நாற்பது கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளைப் பார்க்காதவனிடம்தான் பரிசு மிஞ்சும். அப்படி மிஞ்சியதில் ஒன்று ரிப்பன் கட்டிக்கொண்டு அவள் பிறந்தநாளுக்கு வந்திருக்கிறது.

சபுரா டீயோடு வந்தபோது விருந்தாளி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஏணியைப் பிடித்து இறங்கினாள். சந்து முனையில் தௌசீப் ஆர்பினோவைத் துடைத்தபடி நின்றிருந்தான். என்னக்கா, விரல் கிடைத்ததா, இல்லை நகம்தான் கிடைத்ததா என்றான். வேறு நாளாக இருந்தால் அதற்குச் சிரித்திருப்பாள். அன்று அவன் பேசுவதெல்லாம், பக்கத்து அறையில் யாரோ டிவி போட்டுவிட்டுப் போன மாதிரி காதில் விழுந்தது.

நடந்துகொண்டே, அந்த இயர்போனை எங்கே வாங்கினாய், இன்னொன்று வேண்டும் என்று கேட்டாள். வேறு ஏதாவது வழி இருக்கக்கூடாதா என்று மனசு அவனுக்காக வக்காலத்து வாங்கியது. யாராவது கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவனைக் காப்பாற்றியிருப்பாள்.

"மாதுங்கா ஸ்டேஷன் வாசல்லக்கா. ஒரு குள்ளமான ஆளு, பனியன் மேல டை கட்டிருந்தான். முந்நூறு சொன்னான். டை எவ்வளவுன்னு கேட்டேன், வெக்கப்பட்டு நூத்தம்பதுக்குக் குடுத்துட்டான்."

பனியன்மேல் டை. வீட்டில் உட்கார்ந்து பொய் சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது என்று காலையில் சொன்னவள் அவள்தான். பதினோரு வருட அனுபவம் நடுத்தெருவில் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ஆறு வருடமாக இவன் சொன்ன எத்தனை டைகளை நம்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். ஆத்திரம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம்.

ஃபர்ஸானாவின் வீடு இரண்டு சந்து தள்ளி. கீழே பட்டறை, மேலே வீடு. இருந்தாலும் பட்டறையிலேயே பெஞ்சு துடைத்து உட்கார வைத்தார் கரீம் பாட்சா. தௌசீப் தோள்பையைக் கதவோர ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவ வாசல் குழாய்க்குப் போனான். ஃபர்ஸானா டீ கொண்டுவந்தாள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஏதாவது நடந்துவிடுமா என்று அவள் கேட்கவில்லை. பதிலுக்கு அவளே ஆறுதல் சொன்னாள். "ஒண்ணும் ஆவாதுன்னு தௌசீப் காக்கா தெனமும் வந்து சொல்லுதாங்க. அவங்க இருக்கதால தான் நான் ராத்திரி தூங்குதேன்."

அந்தப் பெண் தன் எதிரியை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டதைக் கேட்டதும் கோகிலவாணிக்குள் மிச்சம் இருந்த வக்கீலும் எழுந்து போய்விட்டான்.

அவள் ஃபர்ஸானாவின் போனைக் கேட்டு வாங்கினாள். தன் போனிலிருந்து அடித்தால் பெயர் தெரிந்துவிடும். பேச்சிராஜாவின் பட்டியலை மடியில் விரித்து, மேலிருந்து ஒவ்வொரு நம்பராக அழுத்தி, மணி போனதும் துண்டித்துக்கொண்டே வந்தாள். ஏழாவது நம்பருக்கு நேரே எழுதியிருந்த விவரம்: பையன், வயது பதினாறு, பாண்டுப் மேற்கு, பிடித்த போன் ஆர்பினோ.

ஆணியில் தொங்கிய பை கிணுகிணுத்தது.

அவள் துண்டித்தாள். பை அடங்கியது. கரீம் பாட்சா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வரி கீழே இன்னொரு நம்பரை அழுத்தினாள். பாண்டுப் கிழக்கு, பெண், வயது பதினைந்து, ஆர்பினோ. பை மறுபடி கிணுகிணுத்தது. இரண்டு சிம் போடுகிற பழைய பட்டன் போன். இரண்டாம் சுற்று அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும் என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்ததால், அவன் அதைச் சத்தமாக வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான்.

தௌசீப் முகத்தைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றான். பையைப் பார்த்தான், அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான். எந்த நிலைமைக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவன், இதற்கும் ஒன்றை எடுத்தான்.

"பதினாறு வயசுன்னு நம்புற மாதிரிதானக்கா இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஃபர்ஸானாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சத்தம் போடாமல், வாப்பாவின் பக்கமாக ஓர் அடி நகர்ந்துகொண்டாள்.

கோகிலவாணி கைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து பெஞ்சில் வைத்தாள். அதற்குப்பிறகு அவன் பொய் சொல்லவில்லை. பேச்சிராஜா சிறு வயதிலிருந்து கூட்டாளி. பாண்டுப்பில் அலைய முடியவில்லை, ஒரு வழி சொல் என்றான். ரிப்பேர்க் கடை வைத்திருந்த காலத்துச் சிம் எட்டு தௌசீப்பிடம் கிடந்தன. அவற்றைத் தன் பட்டன் போனிலும், கடையில் மிஞ்சிய மற்ற பழைய போன்களிலுமாகப் போட்டு, எல்லாவற்றையும் பையிலேயே வைத்துக்கொண்டான். மிச்ச நம்பருக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, போன் வந்தால் வந்தார் என்று சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தான். நேற்று பத்துக்குப் பத்து என்றதும் எந்த நம்பரையும் தொடாமல் சொன்னதுதான். பிள்ளைகளுக்குப் பிடித்த போன் என்று எந்தப் பெயரை எழுத என்று பேச்சிராஜா கேட்டபோது, அப்போது கையில் எது இருந்ததோ அந்தப் பெயரைச் சொன்னான். பாண்டுப்பின் முப்பத்துநான்கு பிள்ளைகளுடைய ஆசை, இவன் சட்டைப்பையில் இருந்த ஆர்பினோதான்.

"போனைப் பத்தித்தான கேக்கான், ஓட்டா கேக்கான்னு நெனச்சுட்டேன்கா. இந்தப் பிள்ளை மாட்டும்னு சத்தியமாத் தெரியாது."

"திங்கட்கிழமை தெரிஞ்சுதே," என்றாள் கோகிலவாணி. "ராஜலக்ஷ்மி வந்து உக்காந்து சொன்னப்போ நீ சாயா ஊத்திட்டிருந்தே. இன்னிக்குச் சனி. தினமும் இந்த வீட்டுக்கு வந்து இந்தப் பொண்ணு முகத்தைப் பாத்திருக்கே."

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா என்னைய அனுப்பிருவியன்னு பயந்துட்டேன்."

"திங்கட்கிழமை சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். அவ்வளவுதான்டா."

அந்த 'டா' அவனை உடைத்தது. ஆறு வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது, டைபாய்டு காய்ச்சலில் தண்ணீர் கேட்டபோது ஒரே ஒரு முறை. அவன் கண்ணைத் துடைத்தான். கரீம் பாட்சா எழுந்து வந்து, அவனுக்கென்று வைத்திருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினார். தௌசீப் அதுவரை பார்த்த அடிகளில் அதுதான் பெரியதாக இருந்திருக்க வேண்டும், பின்னால் ஓர் அடி தள்ளாடிவிட்டான்.

கோகிலவாணி அங்கிருந்தே ராஜலக்ஷ்மியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் உதவியாளன் என்பதை முதலில் சொன்னாள். அது ஊருக்குத் தெரிந்தால் அவள் அலுவலகப் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும். ராஜலக்ஷ்மி, நாற்பதும் பொய் என்றால் நாங்கள் சரிபார்த்த முறையே பொய், ஒன்பதை வைத்து அந்தப் பெண்ணைத் தண்டிக்க முடியாது, கடிதம் போகாது என்றாள். ஆனால் வெறும் பேச்சை ஹெட் ஆபீஸ் ஏற்காது. நம் கம்பெனிப் படிவத்திலேயே கேள்வி கேட்டு, பதில் எழுதி, அவன் கையெழுத்தோடு ஆறு மணிக்குள் மாதுங்கா வந்து சேர வேண்டும்.

ஃபர்ஸானா ஓடிப்போய் மாடியிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். தௌசீப் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தான். கோகிலவாணி மறுமுனையில் உட்கார்ந்து, படிவத்தை அட்டையில் செருகினாள். பதினோரு வருடம் செய்த வேலை கைக்குத் தானாக வந்தது. பெயர் கேட்டாள், சொன்னான். வயது கேட்டாள், சொன்னான். உங்களிடம் எத்தனை போன் நம்பர்கள் உள்ளன என்று கேட்டபோது, 'உங்களிடம்' என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, எட்டு என்றான். இந்த நம்பர்களில் வந்த அழைப்புகளுக்குப் பொய் சொன்னீர்களா. சொன்னேன். அது தவறு என்று எப்போது தெரியும். திங்கட்கிழமை.

எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கினாள். அவன் எழுந்து சட்டைப்பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து இயர்போன் பக்கத்தில் வைத்தான். நாளைக்கு வரவா என்று கேட்க வாயெடுத்தது தெரிந்தது. கேட்காமல் வாசலுக்குப் போய் நின்றான்.

ஃபர்ஸானா படிவத்தை ஒருமுறை சரிபார்த்தாள். வேலைப் பழக்கம். மேலே வலப்பக்கம் விரல் வைத்தாள். "அக்கா, இந்த முதல் கட்டத்தை விட்டுட்டிய."

கோகிலவாணி வேண்டுமென்றுதான் விட்டிருந்தாள். எல்லா சர்வே படிவத்திலும் முதலில் வரும் கேள்வி அது. சொந்தக்காரனையும் சிநேகிதனையும் உட்கார வைத்துத் தனக்கு வேண்டிய பதிலை எழுதிவிடக் கூடாது என்பதற்காக வைத்த கேள்வி. 'பதில் சொல்பவர் உங்களுக்கு முன்பே தெரிந்தவரா?' ஆம் என்று போட்டால் படிவம் செல்லாது. பதினோரு வருடத்தில் எந்தக் கட்டத்திலும் உண்மைக்கு மாறாக அவள் பேனா பட்டதில்லை.

வாசலில் நின்ற தௌசீப்புக்கும் அந்தக் கேள்வி மனப்பாடம். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் யோசித்ததாக யாருக்கும் தெரியவில்லை. 'இல்லை' என்பதற்கு நேரே டிக் அடித்து, படிவத்தை ஃபர்ஸானாவின் கையில் கொடுத்தாள்.